புள்ளி இல்லாத புழு

உங்கள் வீட்டில் கம்பு டப்பாவைத் திறக்கும்போது சாம்பலும் பழுப்புமாக ஒரு சின்னப் பூச்சி எழும்பிப் பறந்தால் என்ன செய்வீர்கள் மேடம்? இரண்டு கையையும் சேர்த்து ஓர் அடி. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். சாம்பல் புதனன்று சாமியார் நெற்றியில் பூசுவாரே, அந்த மாதிரி உள்ளங்கையில் ஒரு பூச்சு ஒட்டும். அதைத் துடைத்துவிட்டுக் கம்பைப் புடைக்கப் போய்விடுவீர்கள். அது என்ன பூச்சி, ஆணா பெண்ணா, பிறந்து எத்தனை நாள் என்று நின்று பார்த்தவர்களை இந்த ஜில்லாவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் முதல் விரல் நான்.

ஈஸ்வரன் விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள், தெரியும். வருகிறேன். நடுவிலிருந்து தொடங்கினால் என்னைக் கிறுக்கன் என்று எழுதிவிடுவீர்கள். முட்டையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் சேவியர் சார் நடத்தும் பூச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக நான்தான் மேற்பார்வை. வேலை சுலபமாகச் சொல்லலாம். கம்புக் குருணையைச் சூட்டுப் பெட்டியில் வைத்து நன்றாகச் சூடாக்கி, அதிலிருக்கிற உயிரையெல்லாம் கொன்று, பேசினில் கொட்டி, நிலக்கடலைப் பொடி கலந்து, மேலே அந்துப்பூச்சியின் முட்டையைத் தூவுவோம். காடாத் துணியால் மூடிக் கட்டுவோம். நாலாம் நாள் முட்டை பொரியும். புழு கம்பைத் தின்று, நூல் நூற்று, உள்ளேயே கூடு கட்டி உறங்கும். நாற்பதாம் நாள் பூச்சியாக வெளியே வரும். வந்த பிறகு அது எதையும் தின்பதில்லை. ஒரு வாரம் உயிரோடு இருக்கும், முட்டையிடும், செத்துவிடும். அந்த முட்டைக்காகத்தான் இவ்வளவும். முட்டையை அட்டையில் ஒட்டி, புற ஊதா விளக்கில் அரை மணி நேரம் காட்டுவோம். பார்க்க முட்டை அப்படியே இருக்கும், உள்ளே கரு மட்டும் செத்திருக்கும். பிறகு கண்ணுக்கே தெரியாத ஒரு குளவி அதற்குள் தன் முட்டையை வைக்கும். தக்காளிக்காரரும் கத்தரிக்காரரும் அந்த அட்டையை வாங்கிப்போய்ச் செடியில் கட்டுவார்கள். குளவி வெளியே வந்து காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும். மருந்தே அடிக்காத விவசாயம்.

தினமும் லட்சக்கணக்கில் கருவைச் சாகடித்தேன் மேடம். பழகிவிட்டால் அது கொலை என்றே தோன்றாது, ஒரு வீட்டைக் காலி செய்து அடுத்தவருக்குக் கொடுப்பது போலத்தான் இருக்கும்.

எங்கள் பூச்சியின் பெயர் கார்சைரா. அரிசி அந்து என்றும் சொல்வார்கள். அரை அங்குலம்கூட இருக்காது. இறக்கையில் கோடோ பட்டையோ கிடையாது, நரம்பு மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரியும். பெட்டைக்கு முகத்துக்கு முன்னால் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், ஆணுக்கு அது மொட்டை. புழு வெண்ணெய் நிறம், உடம்பில் ஒரு புள்ளி இருக்காது. இதே அளவில், இதே நிறத்தில் இன்னோர் அந்து உண்டு. பேரீச்சம்பழம், முந்திரி, பழைய தானியம் எல்லாவற்றிலும் வரும். அதன் இறக்கையில் மங்கலாகக் குறுக்குப் பட்டை ஓடும், புழுவின் முதுகில் மிளகுப்பொடி தூவின மாதிரி புள்ளி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் படித்தவர்களே குழம்புவார்கள். நான் குழம்பியதில்லை. லென்ஸ் வைத்துக்கொண்டதும் இல்லை. கண்ணாடி போடச் சொல்லி என் மனைவி டெய்சி ஐந்து வருடமாக அரிக்கிறாள். இப்போதெல்லாம் பைபிளையே பொடி எழுத்தில் அச்சடித்துத் தொலைக்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்வது?

பத்தொன்பது வருடத்தில் வெளியிலிருந்து ஒரு முட்டை நான் வாங்கியதில்லை. மற்றக் கூடங்களில் வருடத்துக்கு ஒருமுறை பரம்பரை கெட்டு, புதிதாக வாங்கித் தொடங்குவார்கள். என் கூடத்தில் நூற்றறுபது தலைமுறை, ஒரே வம்சம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் என் பெயரை வைத்து, சூசைமுத்து பரம்பரை என்றே எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அதைக் காப்பாற்றக் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். ரேக்கின் கால்கள் எண்ணெய்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு ஏறும். பிராங்க்ளின் என்றொருவன் வேலை பார்த்தான். இரண்டு முறை சொல்லியும் எண்ணெய் ஊற்ற மறந்தான். மூன்றாம் முறை அவன் கையைப் பிடித்துச் சூட்டுப் பெட்டியின் கதவில் வைத்தேன். இருபது எண்ணும்வரை வைத்திருந்தேன். தோல் கதவோடு வந்தது. அவன் வேலையை விட்டுப் போய்விட்டான், ஆனால் போகுமுன் எல்லாக் கிண்ணத்துக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் போனான். டெய்சியும் ஒருமுறை நான் வீட்டில் வைத்திருந்த முட்டைத் தட்டை நாற்றமடிக்கிறது என்று வாசலில் கொட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது கேட்காது. நான் அவளிடம் பேச வேண்டுமென்றால் சுற்றிப் போய் வலது பக்கம்தான் உட்காருவேன். அவ்வளவு அனுசரணையாகத்தான் குடும்பம் நடத்துகிறேன், விசாரித்துப் பாருங்கள்.

ஈஸ்வரன் வந்து மூன்று வருடம் ஆகிறது. வடமதுரைப் பக்கத்துப் பையன், விவசாய டிப்ளமோ, இருபத்தொன்பது வயது. நல்ல பையன் என்று நானே சொல்வேன். சோற்று வாளியில் வெஞ்சனம் இருந்தால் எனக்கு ஒரு பங்கு வைக்காமல் தின்னமாட்டான். அவனுக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிரும் செதில்தான் காரணம். நீங்கள் அடித்தால் கையில் ஒட்டுகிறதே, அதேதான். பூச்சி வெளிவரும் அறையில் அது புகை மாதிரி மிதக்கும். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஓடாமல் உள்ளே போகக் கூடாது. அவன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வாயில் வைத்து உறிஞ்சும் இழுப்பு மருந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவான். வேறு வேலை பாருடா அப்பு என்று நானே சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி தீபா முழுகாமல் இருக்கிறாள், இந்த நேரத்தில் எங்கண்ணே போறது என்பான்.

இனிக் கவனமாகக் கேளுங்கள், இதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் கூடத்தின் பின்பக்கம் தனியாக ஒரு கொட்டகையில் பிராக்கான் என்று இன்னொரு குளவியையும் வளர்க்கிறோம். தென்னையின் கருந்தலைப் புழுவுக்கு அது எமன். அந்துப் புழுவுக்கும் எமன். கொட்டி மயக்கி, மேலேயே முட்டை வைத்து, அதன் குஞ்சு புழுவை உறிஞ்சித் தீர்க்கும். அதனால் ஒரு சட்டம். காலையில் முதலில் அந்து அறை, கடைசியில் பிராக்கான் கொட்டகை. அங்கிருந்து வந்தால் குளித்துத் துணி மாற்ற வேண்டும், அன்றைக்கு அந்து அறைக் கதவைத் தொடக்கூடாது. ஒரே ஒரு குளவி சட்டை மடிப்பில் உட்கார்ந்து வந்தால் போதும், வம்சமே போச்சு. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

போன ஆவணியில் சூட்டுப் பெட்டியில் சூடேற்றும் கம்பிச்சுருள் எரிந்துபோய்விட்டது. ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. வடமதுரை மண்டியிலிருந்து வந்திருந்த கம்பு எட்டு மூட்டை நின்றது. நாள் தவறினால் வம்சம் தவறும், காத்திருக்க முடியாது. சூடாக்காமல் வெயிலில் காயவைத்துப் போட்டேன். திண்டுக்கல் வெயில் எந்தப் பெட்டிக்குக் குறைச்சல்? இது சின்ன விஷயம். நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன்.

ஐந்தாறு வாரம் கழித்துப் பேசின்கள் அடங்கத் தொடங்கின. நல்ல பேசினில் காதை வைத்தால் புழு கம்பைக் கொறிக்கும் சத்தம் தூறல் மாதிரி கேட்கும். அது நின்றுபோயிற்று. துணியை அவிழ்த்துப் பார்த்தால் புழுக்கள் மயங்கிக் கிடந்தன, மேலே பிராக்கான். முதலில் நாற்பது பேசின், அடுத்த வாரம் நூற்றைம்பது. நான் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன் மேடம், சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. எங்கம்மா செத்தபோதுகூட அம்புட்டு அழவில்லை. கடைசியில் வெளிவரும் அறையில் இருந்த முப்பத்தாறு பேசின் மட்டும் தப்பியிருந்தது. நூற்றறுபது தலைமுறையும் அந்த முப்பத்தாறு துணிக்கடியில் இருந்தது.

யார் செய்தது என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. பிராக்கான் கொட்டகைக்குப் போகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் செய்திருக்க முடியாது. ஒரு மத்தியானம் கொடியில் கிடந்த அவன் துண்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குளிக்காமல் உள்ளே போயிருக்கிறான். குளித்து மூன்று மணி நேரமாச்சுண்ணே, இந்த வெயிலுக்குக் காயாதா என்றான். பதில் வைத்திருக்கிறவன்தானே தப்புச் செய்தவன்? சேவியர் சார் திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, கூடத்தை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வதாகப் போனில் சொன்னார். யார் கையில் என்று கேட்டாரே, அந்த வார்த்தை எனக்கு இரண்டு நாள் சோறு இறங்க விடவில்லை.

கூடத்தில் அட்டை ஒட்டும் பெண்களுக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்கு அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். இரண்டு மணி இருக்கும், ஈஸ்வரன் ஒரு கண்ணாடிக் குப்பியோடு வந்தான். உள்ளே ஒரு புழு. செத்த இங்க வாங்கண்ணே என்று ஜன்னலோரம் கூட்டிப்போனான்.

"இது நம்ம புழு இல்லண்ணே. முதுகப் பாருங்க, புள்ளி புள்ளியா இருக்கு. அந்த வடமதுரைக் கம்புல இருந்துருக்கு. பிராக்கானும் அதுலயே ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. சூடு காட்டாமப் போட்டோம்ல."

லென்ஸை நீட்டினான். நான் வாங்கவில்லை. குப்பியைக் கவிழ்த்துப் புழுவைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பான் என்று சில நேரம் தோன்றுகிறது. என் தோளில் கையை வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"விடுங்கண்ணே. சார்ட்ட பெட்டி ரிப்பேர்னு மட்டும் சொல்லிக்கிருவோம். உங்க பேரு வராம நான் பாத்துக்கிறேன்."

என் பேரை அவன் பார்த்துக்கொள்கிறானாம். சரிடா அப்பு என்றேன். முப்பத்தாறு பேசினையும் எண்ணிவிட்டு வருவோம் வா என்று வெளிவரும் அறைக்குக் கூப்பிட்டேன். முகத்துக்குத் துணி கட்டக் குனிந்தான். குருணை நிறுக்கும் ஐந்து கிலோ எடைக்கல் கதவோரம் இருந்தது. பின்மண்டையில் ஓங்கி ஒரு முறை அடித்தேன். தேங்காய் உடையும் சத்தம்தான் வந்தது. விழுந்தான், சாகவில்லை. இரண்டாவது அடி தோள்பட்டையில் இறங்கி எலும்பு உடைந்தது. அதற்கு மேல் அடிக்கத் தேவையில்லை என்று கல்லைக் கழுவி வைத்தேன். தடுக்கிக் கல்லின் மேல் விழுந்தான் என்று சொல்ல ஒரு காயம் போதும், தோளில் விழுந்தது என் கை நழுவல்.

அறைக்குள் இழுத்துப் போட்டேன். சட்டைப் பையிலிருந்து இழுப்பு மருந்தை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். முப்பத்தாறு பேசினின் துணியையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, பேசினை அவன் மேலேயே கவிழ்த்தேன். ஒரு பேசினுக்கு இரண்டாயிரம் பூச்சிக்குக் குறையாது. வெளிச்சம் மங்கிவிட்டது, அவ்வளவு பூச்சி. வெளியே வந்து கதவைப் பூட்டினேன். எங்கள் திண்டுக்கல் பூட்டு, உள்ளே நான்கு நெம்புகோல், உள்ளேயிருந்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. அது கடைசி முப்பத்தாறு ஆச்சே, அதையும் ஏன் அவிழ்த்தாய் என்பீர்கள். வெளிவந்த பூச்சி எப்படியும் ஒரு வாரத்தில் சாவதுதான் மேடம். ஒரு வேலைக்காவது ஆகட்டும் என்று நினைத்தேன்.

ஸ்டூலைப் போட்டு வெளியே உட்கார்ந்தேன். முதலில் இருமினான். பிறகு அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டான். கதவை அடித்தான், ஒரு கையால்தான் அடித்தான். கொஞ்ச நேரத்தில் இருமல் போய், விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. உள்ளே இழுக்கிறது மட்டும் கேட்டது, வெளியே விடுவது கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. சத்தம் நின்றதும் திறந்தேன். சுவரோரம் ஊர்ந்து, மின்விசிறிக்குக் கீழே போய், வாயை மேலே தூக்கிக் கிடந்தான். நகம் பெயர்ந்திருந்தது. முகம், வாய், மூக்கு, கண்ணிமை எல்லாம் சாம்பல். கண் மட்டும் என்னைப் பார்த்தது. அவன் முகத்துக்குக் கட்ட வைத்திருந்த துணியையே நான்காக மடித்து, மேலே மண்டி போட்டு உட்கார்ந்து, நூறு எண்ணினேன். கால் இரண்டு முறை உதறியது. பிராங்க்ளினுக்கு இருபதுதான் எண்ணினேன். இவன் செய்தது அதைவிடப் பெரிசு.

அப்புறம் மின்விசிறியைப் போட்டு, கை கால் கழுவி, நாலு மணிக்குச் சேவியர் சாருக்குப் போன் செய்தேன். இழுப்பு வந்து விழுந்து கிடக்கிறான் சார் என்றேன். ஆஸ்பத்திரி, பிணவறை, வண்டி என்று ஞாயிறு மதியம்வரை கூடவே நின்றது நான்தான். அந்த ஓட்டத்தில் சட்டை மாற்ற நேரமில்லை. வடமதுரையில் அவன் வீட்டு வாசலில் மாலை போடக் குனிந்தேன். பையிலிருந்த இழுப்பு மருந்து நழுவி அவன் நெஞ்சில் விழுந்தது. அதைத்தான் எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார்கள். தீபா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"இதத்தான அவரு ஒங்ககிட்ட கேட்டுருப்பாரு" என்றாள்.

ஆமாம், கேட்டான். மூன்று முறை கேட்டான். அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சட்டையோடு போனது என் தப்புத்தான். பத்தொன்பது வருடத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான் மேடம், மறைக்கமாட்டேன்.

நீங்கள் கல்லூரிப் பேராசிரியர் கொடுத்த அறிக்கையை வாசித்தீர்கள். ஈஸ்வரனின் தலைமுடியிலும் வாயிலும் எடுத்த பூச்சிகளில் முக்கால்வாசிக்கு இறக்கையில் குறுக்குப் பட்டை இருந்தது, அது கார்சைராவே இல்லை என்று எழுதியிருக்கிறாராம். அந்த முப்பத்தாறு பேசினிலும் வேறு வம்சம்தான் இருந்தது, பழையது எப்போதோ ஒழிந்துவிட்டது என்கிறாராம். அவர் செத்த பூச்சியைப் பார்க்கிறவர். நான் உயிரோடு பார்த்தவன். நசுங்கின இறக்கையில் எல்லாமே பட்டை மாதிரித்தான் தெரியும். ஈஸ்வரன் போனில் எடுத்துவைத்திருந்த புழுப் படத்தையும் காட்டினீர்கள். பெரிதாக்கியும் காட்டினீர்கள். எனக்கு வெள்ளையாக ஒரு புழு தெரிந்தது, அவ்வளவுதான். நீங்கள் புள்ளி என்று சொல்வது கம்புத் தூசியாக இருக்கும்.

நீங்கள் வாசித்துக் காட்டியது முழுக்கக் கேட்டேன். எடைக்கல், துணி, பூட்டு, மருந்து, நூறு எண்ணியது எல்லாம் நடந்தபடியே எழுதியிருக்கிறீர்கள், நல்ல எழுத்து. கொன்றது நான்தான். தூக்கென்றாலும் கையெழுத்துப் போடுகிறேன். நடுவில், புழுவின் உடம்பில் புள்ளிகள் இருந்தன, பழுது எதிரியின், அதாவது என், கவனக்குறைவால் வந்தது என்று ஒரு வரி வாசித்தீர்களே, அதற்கு மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஒரு மனிதனின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். பேனாவைக் கொடுங்கள். அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள் மேடம், நானே அடித்துவிடுகிறேன்.